கரேன் ஆயுதக் குழுக்கள்: யார் யார், ஏன் இத்தனை பிரிவுகள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்து எல்லையில் உள்ள மியான்மர் ஊரான மியாவாடியின் பெயர் சில ஆண்டுகளாகத் தமிழ்ச் செய்திகளிலும் அடிபடுகிறது. வேலை என்று நம்பிப் போய் இணைய மோசடிக் கூடங்களில் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளால் வந்த அறிமுகம் அது. அந்த ஊரைச் சுற்றி, கரேன் இன ஆயுதக் குழுக்களுக்கும் மியான்மர் ராணுவத்துக்கும் இடையே 75 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு போர் நடக்கிறது. கேஎன்யூ, கேஎன்எல்ஏ, டிகேபிஏ, பிஜிஎஃப் என்று எழுத்துகளாகவே செய்தி வருவதால், யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்பதே பலருக்குப் புரிவதில்லை. இந்தப் பக்கம் அதற்காகத்தான்.

கரேன் மக்கள் யார்? எங்கே வாழ்கிறார்கள்?

மியான்மரின் தென்கிழக்கில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைகளிலும், மேற்கே ஐராவதி டெல்டாவின் வயல்வெளிகளிலும் வாழும் மக்கள். வரைபடத்தில் 'கயின் மாநிலம்' என்று இருக்கும். 1989-ல் ராணுவ அரசு நாட்டின் பெயரையும் ஊர்களின் பெயர்களையும் மாற்றியபோது கரேன் 'கயின்' ஆனது. பா ஆன் அதன் தலைநகர். ஆனால் கரேன்களில் பெரும் பகுதியினர் அந்த மாநிலத்துக்கு வெளியே, டெல்டாவிலும் பகோ, தனிந்தாரி பகுதிகளிலும் இருக்கிறார்கள். தனி மாநிலம் என்று பேச்சு எழுந்த நாள் முதல், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது தீராத சிக்கலாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஸ்கா, போ என்பவை அவர்களின் இரண்டு பெரிய மொழிகள். ஒன்றைப் பேசுபவருக்கு மற்றது எளிதில் விளங்காது. மதத்தில் பௌத்தர்களே அதிகம். கிறிஸ்தவர்கள் சிறுபான்மை, மூதாதையர் வழிபாட்டைத் தொடர்பவர்களும் உண்டு. வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு எல்லாக் கரேன்களும் கிறிஸ்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தத் தவறான எண்ணம் எவ்வளவு முக்கியமானது என்பது 1994-ஐப் பற்றிப் பேசும்போது தெரியும்.

மதம் எதுவானாலும் பலர் சேர்ந்து செய்கிற ஒரு சடங்கு உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவது. குளிர்ந்த தண்ணீர், ஒட்டரிசி உருண்டை, வாழைப்பழம், கரும்பு, பூ எல்லாம் தட்டில் இருக்கும். பெரியவர் மேசையைத் தட்டி, அலைந்து திரியும் உயிரை உடம்புக்குத் திரும்பக் கூப்பிடுவார். அப்புறம் நூலைக் கட்டுவார். காட்டுக்குள் ஓடி ஒளிந்தே தலைமுறைகள் கழிந்த ஒரு சமூகத்தில், 'வீட்டுக்குத் திரும்பி வா' என்று உயிரைக் கூப்பிடும் அந்தக் குரலுக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

சண்டை எப்போது, எதனால் தொடங்கியது?

1949 ஜனவரி 31. இன்றும் அந்த நாளைக் கரேன் புரட்சி நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் பகை அதற்கு முன்பே மூண்டுவிட்டது.

ஆங்கிலேய ஆட்சியில் கரேன்கள் ராணுவத்திலும் போலீசிலும் அதிகம் சேர்ந்தார்கள். மிஷன் பள்ளிகளில் படித்தவர்களும் அதிகம். நாட்டின் பெரும்பான்மை இனமான பர்மியரின் தேசியவாதிகள் கண்ணில் அவர்கள் வெள்ளைக்காரனின் கையாட்கள். 1942-ல் ஜப்பானியரோடு பர்மா விடுதலைப் படை உள்ளே வந்தபோது, டெல்டாவின் மியாவுங்மியா பகுதியில் கரேன் கிராமங்கள் எரிக்கப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மலைப்பக்கத்துக் கரேன்களோ ஜப்பானியருக்கு எதிராக ஆங்கிலேயருடன் நின்றார்கள். ஹியூ சீக்ரிம் என்ற ஆங்கிலேய மேஜர் அவர்களோடு காட்டில் மறைந்திருந்தார். ஜப்பானியர் கிராமங்களைச் சித்திரவதை செய்யத் தொடங்கியதும், மக்களைக் காப்பாற்றுவதற்காக அவராகவே போய்ச் சரணடைந்தார். 1944-ல் அவரைக் கொன்றார்கள். இத்தனைக்குப் பிறகு பிரிட்டன் தங்களைக் கைவிடாது என்று கரேன்கள் நம்பியதில் வியப்பில்லை.

பிரிட்டன் கைவிட்டது. 1946-ல் கரேன் தலைவர்கள் நால்வர் லண்டன் போய்த் தனி நாடு கேட்டார்கள். மரியாதையோடு வரவேற்றார்கள், வாக்குறுதி எதுவும் தரவில்லை. 1947 பிப்ரவரியில் பாங்லோங் மாநாட்டில் ஷான், கச்சின், சின் மக்களின் தலைவர்கள் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கரேன்கள் பார்வையாளர்களாக மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அதே மாதம் 5-ஆம் தேதி ரங்கூனில் கூடிய கரேன் காங்கிரசில் பிறந்ததுதான் கரேன் தேசிய ஒன்றியம். சுருக்கமாக கேஎன்யூ. ஜூலையில் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4-ல் பர்மா விடுதலை பெற்றது. ஷான், கச்சின் மக்களுக்கு அரசமைப்பில் மாநிலம் இருந்தது. கரேன் மாநிலம் பின்னால் முடிவு செய்யப்படும் என்று தள்ளிவைத்தார்கள்.

1948 பிப்ரவரியில் ஊர் ஊராகக் கரேன்கள் பேரணி போனார்கள். கரேன் மாநிலத்தை உடனே கொடு, பர்மியருக்கும் கரேனுக்கும் சம உரிமை கொடு என்ற முழக்கங்களோடு, இனக்கலவரம் வேண்டாம், உள்நாட்டுப் போர் வேண்டாம் என்பவையும் பதாகைகளில் இருந்தன. போரை வேண்டாம் என்றவர்கள் ஓராண்டுக்குள் போருக்குள் நின்றார்கள். 1948 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், தெற்கே மெர்குயி பகுதியின் பலாவ் ஊரில், தேவாலயத்தில் கூடியிருந்த கரேன்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் சுமார் 80 பேர். அதற்குப் பிறகு அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பது யாராலும் முடியாத காரியமாகிவிட்டது.

முதல் ஆண்டில் ரங்கூனையே பிடிக்கும் நிலைக்கு வந்தார்களாமே?

ஆமாம். ரங்கூனின் புறநகரான இன்செய்னைக் கரேன் படை நூறு நாட்களுக்கு மேல் பிடித்து வைத்திருந்தது. கேஎன்யூ 1947-ல் தொடங்கிய கேஎன்டிஓ என்ற தற்காப்புப் படையும், பர்மா ராணுவத்திலிருந்து வெளியேறிய கரேன் சிப்பாய்களும் சேர்ந்த படை அது. அப்போதைய பர்மா ராணுவத் தளபதி ஸ்மித் டன்னும் ஒரு கரேன். சண்டை தொடங்கியதும் அவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் பெயர் நே வின். பின்னாளில் 1962-ல் ஆட்சியைக் கவிழ்த்து நாட்டையே ராணுவத்தின் கையில் கொண்டுபோன அதே நே வின்.

மே மாதம் இன்செய்ன் கைவிட்டுப் போனது. அப்படியே கிழக்கே மலைகளுக்குப் பின்வாங்கினார்கள்.

சா பா ஊ ஜி யார்? அவர் படம் ஏன் எல்லா முகாம்களிலும் மாட்டப்பட்டிருக்கிறது?

கேஎன்யூவின் முதல் தலைவர். கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர். விடுதலைக்கு முன் ரங்கூனில் அமைச்சராகவும் இருந்தவர். 1950 ஆகஸ்ட் 12-ல் எல்லைப்பகுதியில் ராணுவம் அவரைச் சுற்றி வளைத்துக் கொன்றது. கல்லறை எழுப்பி மக்கள் கூடிவிடக் கூடாது என்று உடலைக் கடலில் போட்டார்கள். ஆகஸ்ட் 12 இன்றும் தியாகிகள் நாள்.

அவர் விட்டுப்போன நான்கு கொள்கைகள் ஒவ்வொரு கரேன் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். சரணடைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கரேன் நாட்டுக்கான அங்கீகாரம் முழுமையாக இருக்க வேண்டும். ஆயுதங்களை நாமே வைத்திருப்போம். நம் அரசியல் விதியை நாமே முடிவு செய்வோம். பின்னால் வந்த ஒவ்வொரு பிளவிலும் பிரிந்தவர்கள் இருந்தவர்களைப் பார்த்து 'நீங்கள் இதை மீறினீர்கள்' என்றுதான் குற்றம் சாட்டினார்கள்.

கேஎன்யூ, கேஎன்எல்ஏ, கேஎன்டிஓ: மூன்றும் ஒன்றா?

கேஎன்யூ அரசியல் அமைப்பு. கரேன் தேசிய விடுதலைப் படையான கேஎன்எல்ஏ அதன் ராணுவம். ஏழு பிரிகேடுகள், அதாவது படைப்பிரிவுகள்; ஏழும் ஒவ்வொரு மாவட்டத்தில். தாத்தோன் 1, டவுங்கூ 2, நியாவுங்லேபின் 3, மெர்குயி-தவாய் 4, மூத்ரா 5, டூப்லாயா 6, பா ஆன் 7. கேஎன்டிஓ அதே குடையின் கீழ் உள்ள சிறிய படை.

இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. செய்தியில் '5-ஆம் பிரிகேடு' என்று வந்தால், பாப்பூனைச் சுற்றியுள்ள மூத்ரா மலைகள். விட்டுக்கொடுக்காதவர்கள் என்று பெயர் வாங்கிய பிரிகேடு அது. '6' என்றால் மியாவாடிக்குத் தெற்கே மூன்று பகோடா கணவாய் வரை. இரண்டாம் உலகப்போரில் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரம் ஆயிரமாக மடிந்த சயாம் மரண ரயில் பாதை அந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. நம் மக்களின் எலும்புகள் கிடக்கும் மண் அது. தொலைதூரத்து ஊர் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஒவ்வொரு பிரிகேடும் தன் மாவட்டத்தில் ஏறக்குறைய தனி அரசு மாதிரி. வரி, வருமானம், தளபதி எல்லாம் தனித்தனி. காட்டுப் போரில் இது பலம். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். எதிரி ஒவ்வொருவராகப் பேரம் பேச வரும்போது இதுவே பலவீனம்.

இத்தனை ஆண்டு சண்டைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

நே வினின் 'சோஷலிசம்' உதவி செய்தது என்றே சொல்லலாம். 1962-க்குப் பிறகு பர்மாவில் கடைகள் காலியாகின. துணி, மருந்து, சைக்கிள் பாகம் எல்லாம் தாய்லாந்திலிருந்து கள்ளச்சந்தைச் சரக்காக வந்தன. அவை கரேன் கட்டுப்பாட்டில் இருந்த எல்லைச் சாவடிகளைக் கடந்துதான் வர வேண்டும். போகும் மாடு, வரும் சரக்கு, எல்லாவற்றுக்கும் சாவடியில் வரி; கையோடு ரசீது. 1976 முதல் 2000 வரை தலைவராக இருந்த போ மியா வளர்ந்தது இந்தச் சாவடி வருமானத்தில்தான். தேக்கு மரமும் சுரங்கமும் பின்னால் சேர்ந்தன.

1988-க்குப் பிறகு ரங்கூன் அரசு தாய்லாந்தோடு நேரடியாக வணிகம் செய்யத் தொடங்கியதும் சாவடி வருமானம் சரிந்தது. தாய்லாந்துக்கும் எல்லையில் ஒரு கரேன் தடுப்புச்சுவர் தேவைப்படாமல் போயிற்று.

'நான்கு வெட்டு' என்றால் என்ன?

1960-களில் பர்மா ராணுவம் வகுத்த திட்டம். போராளிகளுக்குப் போகும் உணவு, பணம், தகவல், ஆள் ஆகிய நான்கையும் வெட்டுவது. தாளில் படித்தால் போர் உத்தி மாதிரி இருக்கும். களத்தில் அது நெல் எரிப்பு.

படை வருகிறது என்று தெரிந்ததும் ஊர் காட்டுக்குள் போகும். கூடையில் அரிசி, ஒரு பானை, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, முதுகில் குழந்தை. அதனால் அறுவடையை வீட்டில் வைக்காமல் காட்டுக்குள் மறைவான குதிர்களில் வைக்கப் பழகினார்கள். படை அந்தக் குதிர்களைத் தேடிப்பிடித்து எரிக்கும். பாதையில் கண்ணிவெடி வைத்துவிட்டுப் போகும். மாட்டிய ஆண்களைச் சுமை தூக்க இழுத்துப் போவார்கள். பலர் திரும்புவதில்லை. ஊர்த்தலைவர் ஆணாக இருந்தால் அடித்தே கொல்வார்கள் என்பதால், பல கிராமங்களில் பெண்கள் தலைவர் பொறுப்பை ஏற்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கேப்டன் முன்னால் போய் நிற்பது அந்தப் பெண்களின் வேலை. அடியும் வல்லுறவும் அவர்களையும் விடவில்லை. இந்தப் போரில் வீரம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் முதலில் அவர்களைத்தான் சொல்வேன்.

கண்ணிவெடியில் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கேஎன்எல்ஏயும் வைத்தது. மிதித்தவர்களில் சொந்த ஊர்க்காரர்களும் உண்டு.

1994-ல் படை ஏன் பிளந்தது?

நீளமாகச் சொல்ல வேண்டிய பதில் இது. பிறகு நடந்த பலவும் இதிலிருந்து கிளைத்தவை.

மானர்பிளா, தாய்லாந்து எல்லையான மொய் ஆற்றங்கரையில் இருந்த கேஎன்யூ தலைமையகம். 'வெற்றி வயல்' என்று பொருள். ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 மக்கள் எழுச்சி நசுக்கப்பட்டபோது ரங்கூன் மாணவர்கள் ஓடி வந்து சேர்ந்தது இங்கேதான். 1990 தேர்தலில் வென்றும் பதவி மறுக்கப்பட்டவர்கள் மாற்று அரசு அறிவித்ததும் இங்கேதான். வெளியுலகத்துக்கு அது ஜனநாயகத்தின் தலைநகர்.

உள்ளே வேறு கதை. தலைமையில் பெரும்பாலும் ஸ்கா மொழி பேசும் கிறிஸ்தவர்கள். போ மியாவே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர். முன்னணிக் குழிகளில் கிடந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள், ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளைகள். பதவி உயர்வு எங்களுக்கு வருவதில்லை, பள்ளி வாய்ப்பு வருவதில்லை, சாவு மட்டும் முதலில் வருகிறது என்ற புழுக்கம் பல ஆண்டுகளாக இருந்தது.

அந்த நேரத்தில் ஊ துஸானா என்ற பிக்கு, சல்வீன் ஆறும் மொய் ஆறும் கூடும் இடத்தருகே துமுவேஹ்தா என்ற இடத்தில் பகோடா கட்டினார். சைவ உணவு, சண்டை வேண்டாம் என்ற போதனை. சிப்பாய்களும் ஊர்மக்களும் அவரிடம் திரண்டார்கள். மலைமேல் பளிச்சென்று வெள்ளையடித்த பகோடா எதிரி விமானத்துக்கு அடையாளம் காட்டும் என்று தளபதிகள் தடுத்தார்கள். போர்க்கணக்கில் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு பௌத்தச் சிப்பாயின் காதில் அது எப்படி விழும்? தேவாலயம் இருக்கலாம், எங்கள் பகோடா இருக்கக் கூடாதா என்றுதான் விழும்.

1994 டிசம்பரில் சில நூறு சிப்பாய்கள் கலகம் செய்து ஜனநாயகக் கரேன் பௌத்தப் படை என்று பிரிந்தார்கள். அதுதான் டிகேபிஏ. ராணுவம் அரிசியும் ஆயுதமும் கொடுத்து அவர்களை அணைத்துக்கொண்டது. கண்ணிவெடி எங்கே இருக்கிறது, எந்தப் பாதை பாதுகாப்பானது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 1995 ஜனவரி 27-ல் மானர்பிளா விழுந்தது. பின்வாங்கியவர்கள் தலைமையகத்துக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு ஆற்றைக் கடந்தார்கள். அதன் பின் டிகேபிஏ, தாய்லாந்துக்குள் இருந்த ஹுவே கலோக் அகதி முகாமை 1997-லும் 1998-லும் எரித்தது. கரேன் அகதியின் குடிசைக்குக் கரேனே தீ வைத்தான்.

பிளவுக்கு ராணுவத்தின் சூழ்ச்சியே காரணம் என்று கேஎன்யூ ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. சூழ்ச்சி இருந்தது. ஆனால் விரிசல் உள்ளே இருந்ததால்தான் அது பலித்தது. சொந்தச் சிப்பாயின் மனக்குறையைக் கேட்காத தலைமை, எழுபது ஆண்டுப் போரில் செய்த பெரிய தவறு அதுதான் என்பது என் கருத்து.

அப்புறம் வந்த பிரிவுகள் யாவை?

'கடவுளின் படை' 1997-ல் தெற்கே தோன்றியது. ஜானி, லூதர் என்ற இரட்டைச் சிறுவர்கள் தலைவர்கள். தொடங்கும்போது பத்து வயதுகூட ஆகவில்லை. தோட்டா அவர்களைத் துளைக்காது என்று ஊர் நம்பியது. சுருட்டுப் பிடிக்கும் அவர்களின் படம் உலகமெல்லாம் போனது. அந்தப் படத்தின் பின்னால் இருந்த எரிந்த கிராமங்கள் போகவில்லை. 2000 ஜனவரியில் அந்தக் குழுவோடு தொடர்புடைய பத்துப் பேர் தாய்லாந்தின் ராட்சபுரி மருத்துவமனையைப் பிடித்து நூற்றுக்கணக்கானோரைப் பிணை வைத்தார்கள். பத்துப் பேரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இரட்டையர் சரணடைந்தார்கள்.

2007-ல் 7-ஆம் பிரிகேடின் தெய்ன் மாங் பிரிந்து ராணுவத்தோடு சமாதானம் செய்துகொண்டார். 'அமைதிக் கவுன்சில்' என்று செய்தியில் வருவது அவர் குழு.

2010-ல் டிகேபிஏயே பிளந்தது. 2008 அரசமைப்பின்படி எல்லா ஆயுதக் குழுவும் ராணுவத்தின் கீழ் எல்லைக் காவல் படையாக மாற வேண்டும் என்றார்கள். பிஜிஎஃப் என்பது அதுதான். சா சிட் து தலைமையில் பெரும்பகுதி மாறியது. ஒரு பகுதி மறுத்தது. 2010 நவம்பர் 7, தேர்தல் நாளன்றே மியாவாடியில் புகுந்து சண்டையிட்டது. சுமார் 20,000 பேர் எல்லைப் பாலத்தையும் ஆற்றையும் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். இந்தப் பகுதிதான் இன்றைய டிகேபிஏ. பெயரில் இருந்த 'பௌத்த' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நலன்புரி' என்ற பொருள்படும் சொல்லை வைத்துக்கொண்டது. சுருக்கெழுத்து மட்டும் மாறவில்லை.

கடைசியாக, போ மியாவின் மகன் நெர்தா மியா 2022-ல் தொடங்கிய கோதூலே படை. கோதூலே என்பது கரேன்கள் தங்கள் நாட்டுக்கு வைத்த பெயர். 'இருள் இல்லாத நாடு' என்று பொருள் சொல்வார்கள். 2021-ல் அவர் தலைமையில் இருந்த கேஎன்டிஓ, உளவாளிகள் என்று சொல்லி 25 ஆண்களைப் பிடித்துக் கொன்றது. கேஎன்யூ விசாரித்து அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அதன் பிறகுதான் இந்தப் புதிய படை.

போர்நிறுத்தம் எதுவுமே நடக்கவில்லையா?

நடந்தது. 2012 ஜனவரி 12-ல் பா ஆனில் முதல் ஒப்பந்தம். 2015 அக்டோபர் 15-ல் நாடு தழுவிய போர்நிறுத்த ஒப்பந்தத்தில் எட்டு அமைப்புகளில் ஒன்றாக கேஎன்யூவும் கையெழுத்திட்டது. அறுபது ஆண்டுக்குப் பிறகு நெல் எரியாத சில அறுவடைகளைப் பல கிராமங்கள் பார்த்தன. அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அரசியல் பேச்சு நகரவில்லை. ராணுவம் பாதை போட்டு, முகாமைப் பலப்படுத்திக்கொண்டே இருந்தது. மூத்ராவில் 5-ஆம் பிரிகேடு தொடக்கத்திலிருந்தே இந்தச் சமாதானத்தை நம்பவில்லை. அவர்கள் சந்தேகப்பட்டது சரிதான் என்று 2021 காட்டியது.

2021 கவிழ்ப்புக்குப் பிறகு என்ன மாறியது?

பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், நகரங்களில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பியவர்கள் மறுபடியும் கரேன் மலைக்கு வந்தார்கள். 1988 போலவே. இந்தத் தடவை டாக்டர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள். கேஎன்யூ அடைக்கலம் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது. கரேன்களைக் கலகக்காரர்கள் என்றே பள்ளியில் படித்து வளர்ந்த பர்மியப் பிள்ளைகள், கரேன் வீட்டில் சோறு சாப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

மார்ச் 27-ல் 5-ஆம் பிரிகேடு சல்வீன் கரையில் ஒரு ராணுவ முகாமைப் பிடித்தது. அன்று இரவே மூத்ராவின் மேல் போர் விமானங்கள் குண்டு போட்டன. இருபது ஆண்டுக்கு மேலாக அங்கே விமானத் தாக்குதல் இருந்ததில்லை. இப்போது பள்ளிக்கூடத்தின் பக்கத்திலேயே பதுங்குகுழி வெட்டுகிறார்கள்.

2024 ஏப்ரலில் மியாவாடியின் கடைசி ராணுவ முகாம் கேஎன்எல்ஏ கையில் விழுந்தது. இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. எல்லைப் பாலத்தடியில் ஒதுங்கியிருந்த ராணுவச் சிப்பாய்களை, பிஜிஎஃப் தலைவர் சா சிட் துவின் படை பாதுகாத்து மறுபடி முகாமில் ஏற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் மானர்பிளா, முப்பது ஆண்டுக்குப் பின், கேஎன்எல்ஏ கைக்கு வந்தது.

நம் இளைஞர்கள் மாட்டிக்கொண்ட மோசடிக் கூடங்களுக்கும் இந்தக் குழுக்களுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. மொய் ஆற்றங்கரையில் உள்ள ஷ்வே கோக்கோ, கேகே பார்க் முதலிய மோசடிக் கூடங்கள் சா சிட் துவின் கட்டுப்பாட்டு எல்லைக்குள் வளர்ந்தவை. நிலமும் காவலும் அவர் படை. முதலீடும் நிர்வாகமும் சீனக் கும்பல்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி பாங்காக்கில் இறக்கி, தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் வழியாக ஆற்றைக் கடத்திக் கொண்டுபோவார்கள். 2022-ல் தமிழகத்து இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தபோது அடியும் மின்சார அதிர்ச்சியும் பட்ட கதைகளைச் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து மின்சாரத்தைத் துண்டித்த பிறகு ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். அவர்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அடுத்த மாதம் விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன.

2024-ல் சா சிட் து தன் படைக்குக் கரேன் தேசியப் படை, அதாவது கேஎன்ஏ என்று பெயர் மாற்றிக்கொண்டார். 2025 மே மாதம் அமெரிக்கா அந்தப் படைக்கும் அவருக்கும் அவருடைய இரு மகன்களுக்கும் தடை விதித்தது. நவம்பரில் டிகேபிஏ மீதும் தடை வந்தது. செய்தி படிக்கும்போது கவனம் வேண்டும்: கேஎன்எல்ஏ வேறு, கேஎன்ஏ வேறு. நடுவில் உள்ள ஒரு எழுத்தைத் தவறவிட்டால், மோசடிக் கூடத்துக்குக் காவல் நிற்பவன் செய்த பாவம் மியான்மர் ராணுவத்தோடு சண்டை போடுகிறவன் தலையில் விழும். தமிழ் ஊடகங்களில் 'கரேன் கிளர்ச்சியாளர்கள்' என்று மொத்தமாகப் போட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

அகதிகள் நிலை என்ன?

தாய்லாந்து எல்லையில் ஒன்பது முகாம்கள், சுமார் ஒரு லட்சம் பேர். முதல் அலை 1984-ல் வந்தது. மே லா மிகப்பெரியது. முகாமில் பிறந்து, முகாமில் மணம் முடித்து, முகாமில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். பல்லாயிரம் பேர் அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். 2025 ஆகஸ்டில்தான் தாய்லாந்து அமைச்சரவை முகாமுக்கு வெளியே சட்டப்படி வேலை செய்ய அனுமதித்தது.

கேஎன்யூ கேட்பது தனி நாடா?

தொடக்கத்தில் ஆம். பல பத்தாண்டுகளாக அது கேட்பது கூட்டாட்சி: சொந்த நிர்வாகம், சொந்த மொழிக் கல்வி, நிலத்தின் மேல் உரிமை.

இந்த உரிமைகள் களத்தில் எப்படி இருக்கும்?

மூத்ராவுக்குப் போனால் ஓரளவு பார்க்கலாம். கேஎன்யூவுக்குக் கல்வித்துறை, வனத்துறை, சுகாதாரத்துறை, நீதிமன்றம் எல்லாம் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் கரேன் கல்வித்துறையின் கீழ் இயங்குகின்றன. பாடம் சொல்வது கரேன் மொழியில். ஆசிரியருக்குச் சம்பளம் பெயரளவுக்குத்தான். ஊர் அரிசி கொடுக்கும்.

2018 டிசம்பரில் மூத்ரா மக்கள் 5,485 சதுர கிலோமீட்டர் காட்டையும் வயலையும் 'சல்வீன் அமைதிப் பூங்கா' என்று அறிவித்தார்கள். எந்தக் காட்டை வெட்டலாம், எந்த ஆண்டு எந்த மலைச்சரிவில் புனம் எரித்து விதைக்கலாம், ஆற்றின் எந்தப் பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது என்பதை எல்லாம் கிராமங்களே கூடி முடிவு செய்கின்றன. சல்வீனின் குறுக்கே அணை கட்டும் திட்டத்துக்கு அவர்கள் கொடுத்த பதிலும் அதுதான். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான பால் செய்ன் த்வா 2020-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்றார்.

விமானம் வரும் சத்தம் கேட்டால் கூட்டத்தை நிறுத்திவிட்டுப் பதுங்குகுழிக்குப் போகிறார்கள். விமானம் போனதும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எந்தச் சரிவில் இந்த ஆண்டு விதைப்பது என்று பேசுகிறார்கள்.